மடியில் வைத்துச் சுஷி சுருட்டியவளுக்கு

பாப்பாவின் துணிகளை அடுக்குவதற்காகப் பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினேன். உள்ளே அந்தப் பாக்கெட் கிடந்தது. என் பையில் நீ திணித்துவிட்டுப் போன கடற்பாசித் தாள். ரப்பர் பேண்டு இற்றுப்போய்க் கவரோடு ஒட்டியிருந்தது. பிரித்தேன். காய்ந்த கருவாட்டுக்கும் நனைந்த கயிற்றுக்கும் நடுவில் ஒரு வாடை. அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில், ஃபேன் காற்றே அனலாக அடிக்கிற வீட்டுக்குள், கடல் வாடை. பெட்டி திறந்தபடி கிடக்க, நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து ரெண்டரை வருஷம் ஆகிறது. எழுதாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் எல்லாம் இல்லை. எழுதினால் அதைப் பாப்பா கண்ணில் படாமல் எங்கே ஒளித்து வைப்பது என்ற பயம்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் இப்போது. இனி அந்தப் பயமும் தேவையில்லை. புதன்கிழமை உன் மகள் என்னை விட்டுப் போகிறாள்.

உன் வீட்டுக்காரர் தையில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அவர்மேல் கோபப்படாதே. நாங்கள்தான் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தோம். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி. போனில், "பாப்பாவ நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். ஒன்றாம் வகுப்புக்கு அங்கேயே சேர்க்கப்போகிறார்கள். பெற்ற தகப்பன் கேட்கும்போது நான் என்ன சொல்லி மறிக்க?

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது அதனால் இல்லை. உன் மகளுக்கு உன்னைத் தெரியாது. நீ என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. போவதற்குள் எப்படியாவது உன்னை அவளுக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டும் என்று தவித்தேன். அது என்ன ஆயிற்று என்பதை உன்னிடம்தானே சொல்ல வேண்டும்.

அந்தத் தீபாவளி உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. பரளச்சியில் நம் வீட்டில். சென்னையை ஒட்டி ஒரகடம் பக்கம் ஜப்பான்காரர்கள் தங்குகிற ஓட்டல் அடுப்படியில் உனக்கு வேலை. நாலு நாள் லீவு கிடைத்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். பையிலிருந்து முறுக்கும் அதிரசமும் வரும் என்று அம்மா பார்த்தால், பளபளவென்று கறுப்புத் தாளாக எடுத்து வைக்கிறாய்.

"இது என்னடி, கரியத் தேச்ச பேப்பரு?" என்றாள் அம்மா.

"கார்பன் பேப்பருத்தா அது. தாலுகாபீசுல பாத்திருக்கேன்" என்றார் அப்பா, பெரிய விவரம் தெரிந்தவர் மாதிரி.

"கடல்ல வளர்ற பாசிப்பா. இதுக்குள்ள சோத்த வச்சுச் சுருட்டித் திங்கணும். அங்க நான் ஒரு நாளைக்கு இருநூறு சுருட்டுறேன்."

"சோத்தச் சுருட்டத்தான் மதுரைக்குப் போயி மூணு வருசம் கேட்டரிங்கு படிச்சியா?" என்றாள் அம்மா.

நீ ரோஷத்தோடு உலை வைத்தாய். நம் வீட்டுப் புழுங்கல் அரிசி. வெந்தது பூப்பூவாக நின்றது. அம்மாவுக்குப் பெருமை, உனக்கு முகம் செத்துப்போனது. தாளில் பரப்பி வெறும் கையால் சுருட்டினால், வெட்டும்போது பொலபொலவென்று கொட்டியது. ரெண்டாவதும் கொட்டியது. "இதுக்குத் தட்டுல போட்டே தின்னுருக்கலாம்" என்றார் அப்பா. "அங்க அரிசியே வேறப்பா, அது ஒட்டும்" என்றாய். ஓட்டலில் இருநூறு சுருட்டுகிறவள் நம் வீட்டில் ஒன்று சுருட்ட முடியாமல் நின்றாய்.

அம்மா எழுந்துபோய் ரேஷன் பச்சரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்தா, இது ஒட்டும். ஒட்டித் தொலையுதுன்னுதான் கோழிக்குப் போடுறேன்." அதுதான் ஒட்டியது. சர்க்கரையும் உப்பும் கரைத்த வினிகரை ஊற்றி, நீ கிண்டக் கிண்ட, அப்பா விசிறியால் வீச, பசை மாதிரி அப்படி ஒரு சோறு. "ஜப்பான்காரவுக நம்ம கோழித் தீவனத்தயா திங்காக!" என்று அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சுருட்டுகிற மூங்கில் பாயைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாய். சுற்றும் முற்றும் பார்த்தாய். கொடியில் அப்பாவின் தீபாவளித் துண்டு. எட்டி இழுத்துச் சுடுதண்ணீரில் முக்கிவிட்டாய்.

"ஏத்தா, ஏத்தா! அது புதுத் துண்டு! இன்னும் தோள்லயே போடல!"

"தோள்ல போட்டா அழுக்காயிரும்ப்பா. இப்பத்தான் சுத்தமா இருக்கு."

உள்ளே வைக்க வெள்ளரிக்காய், கேரட், நீளமாக அரிந்த ஆம்லெட். "பச்ச மீன வைப்பாகன்னு சொன்ன?" என்று அப்பா கேட்க, "பந்தல்குடி ரோட்டுல ஐஸ் பெட்டியில வார மீனப் பச்சையா வச்சேன்னா நாளைக்கு நாம எல்லாரும் ஆஸ்பத்திரியிலதான் தீவாளி கொண்டாடணும்" என்றாய். அம்மா அதற்கும் விடவில்லை. நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்துக்கொண்டு வந்து ஒரு சுருளில் திணித்தாள். வெட்டிய முதல் வில்லையை அப்பா வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புப் பத்தல" என்றார். "ஆனா கருவாடு காப்பாத்திருச்சு."

மூன்றே வயசுப் பாப்பாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டாய். அவள் கை கீழே, உன் கை மேலே. ரெண்டு பேருமாகத் துண்டை உருட்டினீர்கள். "இறுக்காத பாப்பா, பிதுங்கும். விட்டா உதிரும். கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடி." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே பிடித்தாள்.

நான் பின்கதவு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சின்னவன் வயிற்றில் அஞ்சு மாசம். வினிகர் வாடைக்கு ரெண்டு தடவை வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். நீ ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு வந்து, "ஏக்கா, ஒன்னே ஒன்னு" என்றாய். "அங்கிட்டுக் கொண்டு போடி, கொமட்டுது" என்று உன் கையைத் தட்டிவிட்டேன். நீ செய்ததில் ஒன்றுகூட நான் தின்னவில்லை. ஊருக்குத் திரும்பும்போது மிச்சத் தாளை என் பையில் திணித்து, "குட்டி வெளிய வந்தப்புறம் கொமட்டாதுல்ல, அப்பச் செஞ்சு தின்னு. எப்படின்னு பாப்பாட்டக் கேட்டுக்க, அவளுக்குத் தெரியும்" என்றாய்.

மார்கழியில் உனக்குக் காய்ச்சல். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றாய். பாப்பாவுக்கும் வந்துவிடக் கூடாதே என்று உன் வீட்டுக்காரர் அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்து என் வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பினார். மறுநாள் போனில் உனக்குக் குரலே இல்லை. "அவளுக்கு வாழப்பழம் குடுக்காதக்கா, சளி புடிக்கும்" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நாலாம் நாள் உன்னை ஆம்புலன்ஸில் பரளச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் வரவில்லை. அம்மா போனில், அழுகைக்கு நடுவிலும் தெளிவாகச் சொன்னாள்: "நீ வராத. மாசமா இருக்கிறவ கேத வீட்டுக்கு வரப்புடாது. புள்ளையவும் அனுப்பாத. தாய இந்தக் கோலத்துல பாத்துச்சுன்னா ஏக்கம் புடிச்சுரும்."

பி.எஸ்சி. படித்தவள் நான். வயிற்றில் ஒன்று, மடியில் ஒன்று, பயந்துவிட்டேன். இருபது மைலில் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் உன் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு டிவியில் பொம்மைப் படம் பார்த்தோம். பூனை சுவரில் மோதி விழும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏக்கம் என்றால் நம் பக்கம் அது ஒரு நோய்தானே. தாயை நினைத்து ஏங்குகிற பிள்ளைக்குச் சோறு இறங்காது, வற்றி வற்றிப் போய்விடும் என்பார்கள். அப்படிப் போன பிள்ளை ஒன்றை அம்மா தன் கண்ணால் பார்த்திருக்கிறாளாம். உன்னைப் பறிகொடுத்தவள் உன் பிள்ளையையும் கொடுத்துவிடக் கூடாது என்று நின்றாள். வந்து போகையில் என் வீட்டில் நீ விட்டுவைத்திருந்த சேலை, சீப்பு, செருப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனாள். வாசலில் யாராவது மூக்கைச் சிந்தத் தொடங்கினால், "எங்கிட்டக் கேளுங்க, புள்ள காதுல அவ பேரப் போடாதீக" என்று அங்கேயே நிறுத்தினாள். பாப்பாவிடம் அம்மா வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னோம்.

முதலில் தினமும் கேட்டாள். பஸ் ஹாரன் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினாள். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. அப்புறம் ஒரு வாரம் முழுக்கக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு லேசாக மேல் சுட்டாலே தெர்மாமீட்டரோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவள் நான், உனக்குத்தான் தெரியுமே. அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். காய்ச்சல் இறங்குவது போல நீ அவளிடமிருந்து இறங்கிக்கொண்டிருந்தாய்.

சின்னவன் பேசத் தொடங்கி என்னை அம்மா என்று கூப்பிட, அவளும் கூப்பிட்டாள். 'பெரியம்மா' என்றைக்கு நின்றது என்று எனக்கே தெரியாது. கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. என் வீட்டுக்காரரை இன்னும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா என்பவர் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து போகிறவர். அது ஏன் அப்படி என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து வந்தபோது உன் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அவ நெனப்பு பாப்பாவுக்கு ஏதும் இருக்காக்கா?"

"இல்ல தம்பி."

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இங்கே நான் அம்மா. அங்கே போனால் கொஞ்ச நாளில் அந்தப் பெண் அம்மா. நீ எங்கேயடி?

அம்மாவிடம் கேட்டேன்: "பாப்பாட்டச் சொல்லிரவாம்மா?"

"இம்புட்டு நாள் பொத்தி வச்சுட்டு இப்பவா? போற எடத்துல அது ஒட்டணும்டி. நடுவுல செத்தவள எதுக்குக் கொண்டாந்து நிறுத்துற?" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாப்பாவும் சும்மா போகச் சம்மதிக்கவில்லை. சித்தியை அவள் இன்னும் பார்த்தது கிடையாது. "நீ ஏம்மா வரல? அந்தச் சித்தி அடிப்பாங்களா? ரூம்ல போட்டுப் பூட்டுவாங்களா?" பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. அம்மா பயந்த அதே மாதிரி.

இந்த நேரத்தில்தான் சனிக்கிழமை அந்தப் பாக்கெட் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேஷன் பச்சரிசியை உலையில் போட்டேன். உன் மச்சான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. புள்ளைகளுக்குக் குடுத்துராத" என்றார்.

"திங்கிறதுக்கு இல்லைங்க. சுருட்டுறதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். தாள் நமுத்துப்போய்ச் சோற்று ஈரம் பட்டதும் கிழிந்தது. வினிகருக்குப் பதில் எலுமிச்சை. சுருட்டச் சுருட்டச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியம் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அடியில் விரித்திருந்த ஈரத் துண்டைப் பிடித்து உருட்டினேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்து, "இறுக்காதம்மா, பிதுங்கும்!" என்றாள்.

உன் குரலே வந்து விழுந்தது போல இருந்தது.

"யாரு பாப்பா சொன்னா அப்படி?"

"நீதான். தாத்தா வீட்டுல. தாத்தா துண்டு துண்டுன்னு கத்துனாங்கள்ல? நான் உன் மடியில உக்காந்திருந்தேன்."

"நானா? நல்லா யோசிச்சுப் பாரு. நான் கதவுகிட்டல்ல உக்காந்திருந்தேன்."

"இல்லம்மா. கதவுகிட்ட இருந்தது வேற யாரோ. குண்டா இருந்தாங்க. வாந்தி எடுத்தாங்க."

"அவங்க யாரு?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. அவங்க இப்ப நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல."

எல்லாம் இருந்தது, பார். துண்டு, தாத்தாவின் சத்தம், நீ சொன்ன வார்த்தை, கைமேல் கை, எல்லாம் அவளுக்குள் பத்திரமாக இருந்தது. உன் இடத்தில் மட்டும் நான் உட்கார்ந்திருந்தேன். என்னையும் உன்னையும் மாற்றி வைத்து, போனவளாகக் கதவோரத்தில் இருந்தவளை ஆக்கிவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தாலாவது ஏதாவது தட்டுப்படாதா என்று கையைத் துடைத்துவிட்டு, போனில் ஒளித்து வைத்திருந்த உன் படத்தை எடுத்தேன். கல்யாணமான புதுசில் நீயும் உன் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்டது. நீ பல் தெரியச் சிரிக்கிறாய்.

"அப்பா!" என்றாள். அப்புறம் உன்னைப் பார்த்தாள். நெடுநேரம். விரலால் உன் முகத்தைப் பெரிசாக்கினாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது அவள் முதுகில் தெரிந்திருக்கும்.

"இவங்கதான் அந்தச் சித்தியா?"

போனை வாங்கப் போனேன், அவள் விடவில்லை.

"சிரிக்கிறாங்க. இவங்க அடிக்க மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்க." அது பொய்யில்லை.

"பூட்ட மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்க பாப்பா."

"இவங்கதானே சித்தி? நெசமா?"

ஒரு வாரமாகச் சோறு இறங்காத பிள்ளை. கண்ணில் பயம் போய், கெஞ்சலாகப் பார்க்கிறாள். "ஆமா" என்றேன்.

"அப்ப நான் போறேன்" என்று மடியைவிட்டு இறங்கினாள். தாள் இல்லாமல் தனித் தட்டில் வைத்துக் கொடுத்த ஆம்லெட்டையும் சோற்றையும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தின்றுவிட்டு மஞ்சள் கவுனைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள், சித்திக்கு மஞ்சள் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே. உனக்கு மஞ்சள் பிடிக்கும். பிடிக்கும் என்றேன்.

நேற்று ஒரு தடவை முயன்று பார்த்தேன். "பாப்பா, அந்தப் போட்டோ..." என்று தொடங்கினேன். "இரும்மா, சித்திக்குப் படம் வரைஞ்சுட்டு இருக்கேன்" என்றாள். எட்டிப் பார்த்தேன். வாய் முழுக்கப் பல்லோடு ஒரு பெண். அப்படியே அடுப்படிக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது.

அந்த 'ஆமா' மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. உன் மச்சானிடமும் சொல்லவில்லை. ரெண்டரை வருஷம் உன்னை நினைத்து ஏங்கவிடாமல் அவளைக் காத்தோம். முடிவில், உன்னைத் தேடிப் போ என்று நானே சொல்லி அனுப்புகிறேன், யாரைத் தேடுகிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாமல்.

புதன்கிழமை காலையில் கார் வந்து நிற்கும். உன் வீட்டுக்காரர் இறங்குவார். அந்தப் பெண்ணும் இறங்கி, கையை நீட்டி, "வா பாப்பா" என்பாள். மஞ்சள் கவுனோடு வாசலில் நிற்கிறவள் அவளை ஒரு நிமிஷம் பார்ப்பாள். பார்த்துவிட்டு, காருக்குள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள்.